இலையோரத்து உப்பு

நின்னுட்டுல்லா? நின்னுட்டு. ஏறும்போதே நெனச்சேன். இந்த மண்டபத்து லிப்டுக்கு இதே பொழப்பு. நேத்து முகூர்த்தத்துல மாப்பிள்ளையோட சித்தப்பாவ உள்ள வச்சுக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்கு மறுவீட்டுல நம்ம ரெண்டு பேர வச்சுக்கிட்டு நிக்கி. பொத்தான அமுக்காதிய தம்பி, அமுக்கி ஒண்ணும் ஆவப்போறதில்ல. கரண்டு போயிட்டு. ஜெனரேட்டர் ஆள் டீசல் வாங்கப் போயிருக்கான். கத்தவும் வேண்டாம், கத்தி நான் பாத்திருக்கேன்.

போன்ல டவர் இல்லையா? இருக்காது. நாலு பக்கமும் சுவரு. மேல பாருங்க, கிராதிக் கதவுக்கு அடியில ஒரு சாண் இடைவெளி தெரியுதுல்லா, அதுதான் மாடி. சாப்பாட்டு ஹாலு. அந்தா, யாரோ செருப்புக் காலு போவுது. எலே, யாருலே அது! லிப்டு மாட்டிக்கிட்டுன்னு ஆபீஸ்ல சொல்லு! பாத்தியளா, குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போறான். மூதி.

துண்டும் பனியனுமா நிக்கானே, யாரு இவன்னு பாக்கியளா? கீழ வேகுதுல்லா சொதி, அது என் சொதி. குத்தாலிங்கம். நீங்க மாப்பிள்ளை கூட்டாளியா, கோயம்புத்தூரா? அப்ப உங்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில சமையல் குத்தாலிங்கம்னு யாருட்டயும் கேளுங்க. எங்க பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பால் குழம்பு வச்சுப் போடணும். சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்து சாப்பிடுத சாப்பாடு அது. நேத்து முகூர்த்தச் சாப்பாட்டுல ஒரு குத்தம் இருந்தா கூட்டத்தோட கூட்டமா மறந்துருவாவ. இன்னைக்குச் சொதியில குத்தம் இருந்தா பேரப்பிள்ளை பிறக்க வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ.

நீங்க மொட்டை மாடிக்குத்தான போறிய? எனக்குத் தெரியும். சட்டைப்பையில என்ன இருக்குன்னும் தெரியும். வெளிய தெரியல தம்பி, ஏன் மறைக்கிய. வாசம் வருது. பஞ்சு வச்சது. காலையில ஒண்ணு பிடிச்சிருக்கிய, அதுக்கு மேல ஏலக்காய் மென்னிருக்கிய. சரியா? ஹஹ்ஹா. வெக்கப்படாதிய. நானும் அதுக்குத்தான் மாடிக்குப் பொறப்பட்டேன். எங்கிட்ட ஒண்ணும் கிடையாது, மேல எவனாவது வச்சிருப்பான், ஓசி வாங்கிக்கிடலாம்னு ஏறுனேன். ஒண்ணு குடுங்க. குடுங்கன்னா. பத்த வைக்கல, இந்தப் பொட்டிக்குள்ள பத்த வச்சா ரெண்டு பேரும் மூச்சு முட்டிச் சாவோம், அது எனக்குத் தெரியாதா? சும்மா கையில வச்சிருக்கேன்.

ஆகா. என்ன லேசா இருக்கு. பூ மாதிரி.

ஐப்பசியில விட்டது தம்பி. மாசி வந்தாச்சு. இன்னும் இந்த விரலுக்குள்ள இது இல்லாம கை மொண்டியா இருக்கு.

இருங்க, உங்களுக்கு விசயம் வெளங்கணும். கீழ சொதி கொதிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டாம் பால் விட்டாச்சு, காய் வெந்தாச்சு. இனி உப்பு போட்டு, மொதப் பால் விட்டு இறக்கணும். மொதப் பால் விட்ட பொறவு கொதிக்க விட்டா திரிஞ்சு போயிரும். ஆக, உப்பு இப்பப் போடணும். போட வேண்டியவன் நான். என் அடுப்படியில உப்பு டின்ன வேற எவனும் தொடப்பிடாது. எல்லா அடுப்படியிலயும் அப்படித்தான். ரெண்டு கை உப்பு போட்டா ஒருத்தன் போட்டது தெரியாம இன்னொருத்தன் போட்டுருவான், அண்டா மொத்தமும் போச்சு. அந்த ஒரு கை இந்தா, உங்க முன்னால சிகரெட்டப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கு.

உப்பு போடாம எதுக்குய்யா சிகரெட்டுக்கு ஓடுனேன்னு கேப்பிய. கேளுங்க. வேற என்ன வேலை நமக்கு இப்ப.

ஐப்பசியில ஒரு வளைகாப்பு. அடுப்பு முன்னால நின்னவன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பொண்ணு, டாக்டராம், படத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இது நெஞ்சா, உங்க அடுப்படிப் பரணா?"ன்னு கேட்டுது. எங்க வீட்டம்மா ஆவுடை பக்கத்துல நின்னா. டாக்டர் அங்கிட்டுப் போனதும் என் கையப் பிடிச்சு இழுத்து அவ தாலி மேல வச்சுட்டா. "இனி தொட மாட்டேன்னு சொல்லுங்க." வார்டுல அத்தனை பேரும் பாக்கான். சொன்னேன். வீட்டுக்கு வந்த பொறவுதான் யோசிக்கேன், தாலி மேல சத்தியம் பண்ணி மீறினா சாகப்போறது யாரு? நான்தான? என் உசுரு மேல என்னையே சத்தியம் பண்ண வச்சிருக்கா. எம்புட்டுக் கெட்டிக்காரி பாருங்க. அன்னைக்கு மாட்டுனவன்தான் தம்பி. இந்த லிப்டு என்ன லிப்டு.

ராத்திரி படுக்கப் போவுமுன்ன வாய ஊதச் சொல்லுவா. தெனமும். போலீஸ்காரன் மாதிரி. "ஊதுங்க." ஊதணும். மோந்து பாத்துட்டுப் போவா.

விட்டா உடம்பு நல்லா ஆயிரும்னு சொல்லுதாவல்லா? சொல்லுதவன் எவனும் விட்டுப் பாத்தவன் கிடையாது. மொதல்ல கை. சும்மா இருக்க மாட்டேங்கு. வெங்காயம் உரிக்கும்போது, கரண்டி பிடிக்கும்போது, தானா காது பக்கம் போவுது, அங்க ஒரு பீடி செருகியிருப்பேன் எப்பமும். காதத் தடவித் தடவி காது புண்ணாயிட்டு. அடுத்து வயிறு. காலையில ஒரு டீ, ஒரு பீடி, அப்பத்தான் வயிறு எந்திரிக்கும். பீடிய நிப்பாட்டினதும் அது வேலைநிறுத்தம் பண்ணிட்டு. கக்கூஸ்ல நான் உக்காந்திருந்த நேரத்துல ஒரு கல்யாணத்துக்குக் காய் நறுக்கியிருக்கலாம். சிரிக்காதிய, உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

பொறவு கோவம். காய்கறிக் கடைக்காரன் கத்தரிக்காய நிறுத்துப் போட்டான், நிறுத்த விதம் எனக்குப் பிடிக்கல, அவன் சட்டையப் பிடிச்சுட்டேன். நிறுத்தது சரிதான். விதந்தான் பிடிக்கல. அன்னைக்குச் சாயங்காலமே டிவியில ஏதோ சோப்பு விளம்பரத்துல ஒரு பிள்ளை மழையில நனைஞ்சுக்கிட்டு வருது, எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வருது தம்பி. குத்தாலிங்கம் அழுதானாம்! ஆவுடை பாத்துட்டுப் பாக்காத மாதிரி உள்ள போயிட்டா.

தூக்கம் போச்சு. தூங்கினாக் கனா. கனாவுல ஜம்முனு பிடிப்பேன், முழிச்சு எந்திரிச்சு விரல மோந்து பாப்பேன், ஐயையோ சத்தியம் போச்சேன்னு வேர்த்து விட்டுரும். வாயெல்லாம் புண்ணு. பசியோ சொல்லி மாளாது, பனியன் தலைக்கு மேல ஏற மாட்டேங்கு, நீங்களே பாக்கியல்லா. அப்புறம் அந்த இருமல். முப்பது வருசத்துக்கு மேல இழுத்திருக்கேன், ஒரு நாள் இருமினவன் இல்ல நான். காலையில லேசா ஒரு செருமல், அது எல்லாருக்கும் உள்ளதுதான. விட்ட பொறவு வந்துது பாருங்க இருமல், குடலப் பிடுங்குத மாதிரி. கருப்பு கருப்பாச் சளி. நேரா அந்தச் சின்னப் பொண்ணுட்ட போனேன். "ஏம்மா, நல்லா இருந்த மனுசன இப்படி ஆக்கிட்டியளே"ன்னேன். அது சிரிக்கி. உள்ள வீடு கூட்டுதாவளாம். குப்பை வெளிய வரத்தான் செய்யுமாம். என்ன பதில் பாத்தியளா.

அது என்னமோ போகட்டும்னு பாத்தா, மூக்கு தெறந்துட்டு. இது யாரும் எனக்குச் சொல்லல. ஒரு நாள் காலையில பெருங்காய டப்பாவத் தெறக்கேன், பொடனியில அடிச்ச மாதிரி இருக்கு. பெருங்காயம் இம்புட்டு வாசமாடேன்னு பிச்சையாவக் கேட்டேன். பிச்சையா என் கையாளு, கல்யாணம் ஆவுததுக்கு முன்னால இருந்து எங்கூட இருக்கான். கேக்கப் பக்கத்துல வந்தான் பாருங்க, அவன் கக்கத்து வாடை! இத்தனை வருசமா இவன் பக்கத்துலயா நின்னேன்! சாக்கடை, பஸ்ஸு, பக்கத்து வீட்டு மீனு, எல்லாம் மூக்குக்குள்ள வந்து குடியிருக்கு. மூட முடியாத ஜன்னலு.

எங்க வீட்டு அலமாரியத் தெறந்தேன். செத்த எலி நாத்தம். என் வேட்டி, என் சட்டை, எல்லாத்துலயும். "ஏளா, எதுலளா துவைச்சுத் தொலைக்க என் துணிய"ன்னு பிடிச்சுக்கிட்டேன். அவ சிரிச்சா. துவைக்கத் தெரியலன்னு சொன்னா சிரிக்கா!

ஆனா ஒண்ணு சொல்லணும். அவ உடம்புக்கு இந்தக் காலம் நல்லா இருக்கு. அவளுக்கு ரொம்ப காலமா ஒரு வறட்டு இருமல். கொக் கொக்னு. தெருவுல புழுதி. இப்பத் தெருவுல சிமெண்டு ரோடு போட்டுட்டானுவ, இருமல் நின்னுட்டு. அதே மாதிரி, அவ வெளிய முன்னறையிலதான் படுப்பா, காத்து வேணும்னு. சூட்டு உடம்பு. கார்த்திகையில உள்ளறைக்கு புது பேன் மாட்டினேன், பாயத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டா. ஒரு பேனுக்கு இத்தனை வருசம் பிடிச்சிருக்கு பாருங்க, மொதல்லயே வாயத் தெறந்து கேட்டிருக்கலாம்லா.

சத்தம் கேக்கா? நாற்காலி இழுக்கானுவ. மொதப் பந்திக்கு ஆள் உக்காருதாவ. ஐயோ, முருகா. எலே பிச்சையா! பிச்சையா! கீழ எங்க கேக்கப் போவுது.

நாக்குதான் தம்பி. விசயம் நாக்குல இருக்கு.

எங்க வீட்டம்மாவுக்குச் சமையல் வராது. வராதுன்னா வராது. வாழ வந்த நாள்ல இருந்து சப்புன்னுதான் வைப்பா. ஊருக்கே சமைக்கவன் வீட்டுல இப்படி ஒரு கை. நான் சாப்பிட உக்காந்தா மொதல்ல உப்புச் சாடியக் கொண்டாந்து பக்கத்துல வச்சுருவா, அவளுக்கே தெரியும். ஒண்ணு ரெண்டு நாள் தட்டத் தள்ளிருப்பேன். தள்ளுனதுதான், எறியலாம் இல்ல. எறிஞ்சிருந்தா ஒண்ணோ ரெண்டோ. ஆனா அவளுக்கு ஒரு வியாதி உண்டு, மொதக் கவளம் வாயில வைக்கும்போது முன்னால நின்னுக்கிட்டு, "உப்பு சரியா இருக்கா?"ன்னு கேப்பா. தெனமும். நான் பதில் சொன்னதே கிடையாது. சமையக்காரன் பொண்டாட்டிக்கு சர்டிபிகேட் குடுத்தா வெளங்குமா? சாடிய இழுத்து ரெண்டு கரண்டி உப்ப அள்ளிப் போட்டுக்கிடுவேன். அதுதான் பதிலு.

அவ இந்தக் கார்த்திகையில திடீர்னு சமைக்கக் கத்துக்கிட்டா பாத்துக்கிடுங்க! ஒரு நாள் ரசம் வச்சா. வாயில விட்டேன். மிளகு தனியா, சீரகம் தனியா, மல்லித்தழை தனியா, ஒண்ணொண்ணும் பேரு சொல்லி வருது. உப்பு அளந்து போட்ட மாதிரி. அசந்து போயிட்டேன். டிவியில பாத்துக் கத்துக்கிட்டாளோ, யாருட்ட கேட்டாளோ. இந்த வயசுல! சொல்லல நான். சொன்னா தலைக்கு ஏறிரும். சாடிய மட்டும் தொடல. அவளும் பாத்தா, சாடியத் தொடலன்னு. பாத்துட்டு வழக்கம்போலக் கேட்டா. நான் வழக்கம்போலச் சொல்லல.

அவ கை வந்த நேரம், என் கை போயிட்டு.

உங்களுக்கு எங்க ஊர்ப் பந்தி தெரியுமா? இலை போட்டதும் மொதல்ல ஓரத்துல ஒரு சிட்டிகை உப்பு வைப்பாவ. பத்தலன்னா தொட்டுக்கிட. என் பந்தியில அந்த உப்ப எவனும் தொட்டது கிடையாது. பந்தி முடிஞ்சு இலையெல்லாம் டிரம்முல கொண்டு போவும்போது நான் போய் நாலு இலையப் பிரிச்சுப் பாப்பேன். வச்ச உப்பு வச்சபடி இருக்கும். அதுதான் எனக்குப் பாராட்டு. மாலை போடுவான், சால்வை போடுவான், அதெல்லாம் பொய்யி. இலையோரத்து உப்பு பொய் சொல்லாது.

விட்ட பொறவு மொதக் கல்யாணம் கார்த்திகைக் கடைசியில. சாம்பாரு. வழக்கமாப் போடுத உப்பப் போட்டேன், உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்தேன். ஐயையோ! கடல் தண்ணி! மிளகா வத்தல் தொண்டையக் கிழிக்கு! யாருலே இதுல கைய வச்சதுன்னு சத்தம் போட்டு, தண்ணி ஊத்தி, பருப்பு சேத்து, என் நாக்குக்குச் சரின்னு படுத வரைக்கும் கொண்டு வந்தேன். என் ஆயுசுல அப்படி ஒரு சாம்பார் வச்சதில்ல, அமிர்தம். பந்தியில போச்சு பாருங்க. "உப்பு கொண்டாங்க." "இங்க உப்பு." உப்புக் கிண்ணம் பந்திக்குள்ள நடக்குது தம்பி! ரெண்டு தரம் நடந்துது. ஒரு பெரிய மனுசன் சொல்லுதாரு, "குத்தாலிங்கத்துக்கு வயசாயிட்டு, ஆஸ்பத்திரிக்காரச் சமையல் சமைக்கான்." இலையப் பிரிச்சுப் பாத்தேன். ஓரம் வழிச்சு நக்கின மாதிரி இருக்கு. உப்பு இல்ல.

அதுக்குத்தான் தையில வந்த கல்யாணத்துல நாக்க நம்பல. நாக்கு பொய் சொல்லுது, ஊருக்கு இன்னும் போடணும்னு, கண்ண மூடிக்கிட்டு அள்ளிப் போட்டேன். பயத்துல கூடப் போயிட்டு. அன்னைக்குப் பந்தியில தண்ணி தீந்துட்டு. நேத்தைக்கு முகூர்த்தச் சமையலுக்கே என்னைக் கூப்பிடல, பாத்தியல்லா, வேற ஆளு. பொண்ணோட அப்பா பழைய பழக்கத்துக்காகச் சொதிய மட்டும் எங்கிட்ட விட்டிருக்காரு. "அண்ணாச்சி, இதுவும் போச்சுன்னா அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தச் சிரிப்பு இருக்குல்லா, அடுப்புல போட்டாலும் வேகாது.

சாம்பார்னா புளி மறைக்கும், வத்தல் மறைக்கும். சொதியில ஒளிய இடம் கிடையாது. தேங்காய்ப்பால் தம்பி, உப்பு ஒரு பிடி கூடினாலும் குறைஞ்சாலும் மொத வாய்க்கே காட்டிக் குடுத்துரும். காலையில இருந்து டின்னத் தெறக்கேன், மூடுதேன். தெறக்கேன், மூடுதேன். என் நாக்கக் கேட்டா ஒண்ணு சொல்லுது, பழைய கையக் கேட்டா ஒண்ணு சொல்லுது. எதுய்யா நானு?

அப்பத்தான் தோணிச்சு. ஒண்ணே ஒண்ணு பிடிச்சா என்ன? அந்த நாக்கு திரும்பி வந்துரும்லா. அந்தப் பழைய, மரத்துப் போன, அருமையான நாக்கு. ஒரு அரை மணி நேரம் வந்தாப் போதும், உப்பு போட்டுட்டு அனுப்பிச்சுருவேன். கீழ பிடிக்க முடியாது, ஆவுடை உக்காந்திருக்கா. தேங்காய் திருவ வாறேன்னு வந்தா, திருவவா வந்தா, என்னைக் காவல் காக்க வந்தா. மசாலா ஜாமான் மேல இருக்கு, எடுத்துட்டு வாறேன்னு பொய் சொல்லிட்டு லிப்டுல ஏறுனேன். ஏறுனா நீங்க.

என்ன? என்ன சொன்னிய? அக்காவையே உப்பு பாக்கச் சொல்லலாமேன்னா?

நீங்க படிச்ச பிள்ளை, உங்களுக்கு மரியாதை குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கேன். கல்யாண அடுப்புல பொம்பளைய விட்டு உப்பு பாக்கவா? ஊரு சிரிக்காது? அதுவும் அவள? இந்த மூணு மாசமா நாலு ரசம் நல்லா வச்சுட்டா அவ சமையக்காரியா? நல்லாச் சொன்னிய போங்க. அடுப்புக்கு வச்சிருந்த தீப்பெட்டி எங்க, என் மடியிலதான இருந்துது. பத்த வைக்கேன், மூச்சு முட்டினா முட்டட்டும்.

விடுங்க கைய. சரி, சரி. பத்த வைக்கல. விடுங்க.

இந்தா, இந்த வாசம். வருதா உங்களுக்கு? இஞ்சி. எலுமிச்சை. மேல வந்துட்டு! படி வழியாத் தூக்கிக்கிட்டு வந்துட்டானுவ! யாரு வெளம்பச் சொன்னது, உப்பு போடாம! மொதப் பால் விட்டாச்சு, வாசத்துலயே தெரியுது. கேளுங்க, "சொதி, சொதி"ன்னு சத்தம் கேக்கு. போச்சு. என் பேரு போச்சு. இனி நான் என்னத்துக்குத் தம்பி இந்த உடம்ப வச்சுக்கிட்டு? வீடு கூட்டுதாவளாம் உள்ள. யாரு வந்து குடியிருக்க?

எலே! அந்தக் காலு பிச்சையா காலுதான்! பிச்சையா, குனில இங்க! ஆமாடே, இங்கதான் கிடக்கேன், கிணத்துல விழுந்தவன் மாதிரி. உப்பு? யாரு போட்டா உப்பு? சொல்லுல. முழுங்காத. என்னது?

மைனியா? ஆவுடையா? அவள யாரு டின்னத் தெறக்கச் சொன்னா? நீ என்னத்தப் பிடுங்கிக்கிட்டு இருந்த? "நேரமாயிட்டு அண்ணாச்சி"யா? நேரமானா? என் டின்னுல!

கேட்டியளா தம்பி, என் டின்னு. கல்யாணத்துக்கு முன்னால இருந்து நான் ஒருத்தன் தொட்ட டின்னு. சப்புன்னு போட்டிருப்பா. எனக்குத் தெரியாதா அவ கை. கிண்ணம் நடக்கும் பாருங்க, இப்ப நடக்கும். காதக் குடுத்துக் கேளுங்க, "உப்பு உப்பு"ன்னு கத்துவானுவ.

...

கத்தலையே.

பந்தி எந்திரிச்சுட்டு. பிச்சையா, திரும்பி வந்துட்டியா, இலை எடுத்தாச்சா? டிரம்மு வருதா? ஒரு இலைய எடு. எடுல, கை அழுகிறாது. எச்சிலையின்னு பாத்தா நம்ம பொழப்பு நடக்குமா? குனிஞ்சு காட்டு. பிரி. இன்னும் பிரி. அந்த ஓரம்.

இன்னொண்ணு எடு.

இன்னொண்ணு.

தம்பி, உங்க கண்ணு எளசு, நீங்க பாத்துச் சொல்லுங்க. வெள்ளையாத் தெரியுதுல்லா? வச்சபடியே இருக்கா? சரி. சரி, மடக்கு பிச்சையா. போ. போயி ரெண்டாம் பந்தியப் பாரு. என்னடே சொல்லுத? ரெண்டாந் தடவை சொதி கேட்டாவளா. ம்.

அது ஒண்ணும் இல்ல தம்பி. இஞ்சி நான் அரைச்சு வச்சது. பால் பதம் நான் சொன்னது. முப்பது வருசம் என் வீட்டுல இருந்திருக்கா, என் கையப் பாத்துப் பாத்துக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஒட்டத்தான செய்யும்.

இந்தாங்க உங்க சிகரெட்டு. கைவேர்வையில ஊறிப் போச்சு, மன்னிச்சுக்கிடுங்க. நீங்களும் பிடிக்க முடியாது, நானும் பிடிக்க முடியாது.

வந்துட்டா. காலு தெரியல இன்னும், ஆனா வந்துட்டா. தேங்காய் எண்ணெய், அதுக்குள்ள கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் அந்தப் பச்சைச் சீயக்கா. எங்க இருந்தாலும் தெரியுது இப்ப. இத்தனை வருசம் அவளுக்கு ஒரு வாசம் இருக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி. ஏன் தெரியாமப் போச்சு? பேன் மாட்டாததனாலயா? எனக்கு என்னமோ மாதிரி வருது. மறுபடி அந்தச் சோப்பு விளம்பரம் மாதிரி வருது.

ஏளா, இங்கதான் இருக்கேன். ஒண்ணும் ஆவல. தனியா இல்ல, ஒரு தம்பி கூட இருக்காவ. ஆமா, மசாலா ஜாமான் எடுக்கத்தான். என்னது, ஊதணுமா? இங்கயா? ஆளு நிக்காவல்லா. சரி, மூக்கக் கிட்டத்துல வை. பூஉ... போதுமா? ஏலக்காய் வாடை இந்தத் தம்பியோடது. என்னோடது இல்ல. நம்பு.

நீ எதுக்கு டின்னத் தெறந்த? கேக்கேன்ல. எவ்வளவு போட்ட? எந்தக் கணக்குல போட்ட?

கேட்டியளா தம்பி, என்ன சொல்லுதா பாருங்க. "உங்களுக்குப் போடுத கணக்குல போடல. சாப்பிடுதவங்களுக்குப் போட்டேன்." முகம் தெரியல, முழங்காலு மட்டுந்தான் தெரியுது, குரலப் பாத்தா சிரிக்காளா அழுதாளா தெரியல.

என்னத்தளா உள்ள தள்ளுத? மெதுவா, கிராதியில கிழிஞ்சிரும். ஏந்திப் பிடிங்க தம்பி. நறுக்கு இலையில ரெண்டு கை சோறும் சொதியும். காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கலல்லா நான், அது அவளுக்குத்தான் தெரியும். நீங்க ஒரு வாய் எடுத்துக்கிடுங்க. வேண்டாமா? அப்ப நான் நின்னுக்கிட்டே சாப்பிடுதேன்.

ஏளா, ஓரத்துல உப்பு வைக்கலையே.

வேணும்னா கேக்கணுமாம்.

போகல அவ. அந்தா, காலு அங்கயே நிக்கி. விரல மடக்கி மடக்கி நீட்டுதா. இப்பக் கேப்பா பாருங்க. வாயில வச்சதும் கேப்பா. நான் சொன்னேன்லா, வியாதி.

...

கேட்டுட்டா.

ம்ம். இருங்க, முழுங்கிக்கிடுதேன்.

ஏளா ஆவுடை. போகாத, நில்லு. இருக்குளா. சரியா இருக்கு.